ஐந்தரைப் படி: திக்லிபூரிலிருந்து ஒரு தகுதிநிலை வரலாறு

வட அந்தமானின் முதன்மையான ஊராகிய திக்லிபூரில் பல்கலைக்கழகம் இருந்ததில்லை. தேர்வு வாரியமும் இருந்ததில்லை. 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்துக்கும் ஏரியல் பே துறைமுகத்துக்கும் அருகே, கல்பாங் ஆற்றை ஒட்டிப் பரந்துகிடக்கும் அவ்வூரின் பள்ளிகளில் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிப்பவர்களுக்குச் சான்றிதழ் அளிப்பது டெல்லியில் தலைமையகம் கொண்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். அவர்கள் தெற்கே மாயாபந்தர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றால் அந்தப் பட்டத்தில் இருப்பது கடலுக்கு அப்பால் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஆகவே திக்லிபூரில் கற்ற ஒருவர் வெளிநாட்டுக்குக் கல்வி கற்கப் போவதற்கு வெகுகாலம் முன்னரே, அவருடைய கல்வி வேறோர் இடத்தின் அளவுகோலால் அளக்கப்பட்டு, வேறோர் இடத்தின் பெயரால் உறுதிசெய்யப்பட்டு விடுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தத் தாள்களைக் கையில் வாங்கி, "இது எந்த நிலை?" என்று கேட்கும்போது கேள்வி புதிதன்று, கேட்பவர்தான் புதியவர்.

அக்கேள்வியில் வரும் 'நிலை' என்னும் சொல்லுக்கு இன்று வரையறுத்த பொருள் உண்டு. ஒரு நாட்டில் வழங்கப்படும் பள்ளிச் சான்றிதழ், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், பட்டயம், பட்டம், முனைவர் பட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணையும், அப்படியை எட்டியவர் எதை அறிந்திருக்க வேண்டும், எதைச் செய்யவல்லவராக இருக்க வேண்டும் என்ற விளக்கத்தையும் அளிக்கும் அரசு ஏற்பாட்டைத் தேசியத் தகுதிச் சட்டகம் என்பர். அந்த ஏணியில் ஒரு சான்றிதழ் நிற்கும் படியே அதன் தகுதிநிலை. ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாட்டின் அல்லது மற்றொரு வாரியத்தின் சான்றிதழுக்கு ஒப்பானதென ஏற்பது இணைத்தன்மை எனப்படும். தமிழ்நாட்டு அரசாணைகளில் பழகிப்போன சொல் இது. சட்டகம் என்பது அண்மைக்காலப் படைப்பு. இணைத்தன்மை பற்றிய சிக்கலோ தமிழர் கடல்கடந்து தேர்வெழுதத் தொடங்கிய நாள் முதலாக இருந்துவருகிறது.

திக்லிபூரின் குடியேற்ற வரலாறே வெளியிலிருந்து வந்தவர்களின் வரலாறு. அதற்கு அருகிலுள்ள போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகத்துக்கு 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அந்தமான் குடியிருப்பை மாற்றியது. நோயும் சாவும் மிகுந்ததால் 1796-இல் அதைக் கைவிட்டது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காடு மூடிக்கிடந்த நிலத்தை, நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தோர் 1950-களின் குடியேற்றத் திட்டத்தின்கீழ் வயலாக்கினர். கேரளத்திலிருந்து வந்தவர்களின் நினைவாக இன்றும் கேரளாபுரம் என்னும் சிற்றூர் அங்கே உண்டு. தமிழர், தெலுங்கர், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர் எனப் பலரும் சேர்ந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுக்கூட்டம் முழுவதிலும் வங்காளமும் இந்தியும் பேசுவோருக்கு அடுத்த மூன்றாவது பெரிய மொழிக்கூட்டம், ஏறத்தாழ 15 விழுக்காடாகிய தமிழர்களே. அரசுப் பள்ளிகள் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகளில் நடந்துவந்தன. வீட்டுமொழி எதுவாயினும் இறுதியில் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றே.

அந்தச் சான்றிதழை வழங்கும் வாரியமும் இடம் மாறி வந்ததுதான். 1929-இல் அஜ்மீரைத் தலைமையிடமாகக் கொண்டு ராஜபுதனப் பகுதிக்கென அமைக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி, இன்டர்மீடியட் கல்வி வாரியம் 1952-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் என்ற பெயரைப் பெற்று, 1962-இல் டெல்லியில் மறுசீரமைக்கப்பட்டது; சொந்த வாரியம் இல்லாத ஒன்றியப் பகுதிகளுக்கு அது இயல்பாகவே தேர்வு நடத்தும் அமைப்பாயிற்று. கல்லூரியின் கதை இன்னும் வியப்பூட்டுவது. தீவுகளின் முதல் பட்டக் கல்லூரியாகிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில்) தொடங்கப்பட்டபோது, அது இணைக்கப்பட்டது அருகிலிருந்த சென்னையுடனோ கல்கத்தாவுடனோ அன்று, சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துடன். அப்பல்கலைக்கழகமும் 1882-இல் லாகூரில் தோன்றி, பிரிவினையால் வேரோடு பெயர்ந்து, பின்னர் சண்டிகரில் ஊன்றப்பட்டது. கிழக்கு எல்லையில் வீடிழந்தோரின் பிள்ளைகளுக்கு மேற்கு எல்லையில் இடமிழந்த பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிய இந்தப் பொருத்தத்தை எந்த அரசு அதிகாரியும் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிவரம்பு அந்தமான் நிக்கோபாரையும் உள்ளடக்கியதால் இணைப்பு அங்கே மாறியது. 1990-இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி தோன்றியபின் வட அந்தமான் மாணவர்கள் பட்டப்படிப்புக்காகத் தலைநகர் வரை போகவேண்டிய கட்டாயமும் குறைந்தது.

ஒரு வாரியத்திலிருந்து மற்றொரு வாரியத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாறுபவர் பெறவேண்டிய 'மைக்ரேஷன் சர்டிபிகேட்' எனப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழ் இங்கே கவனிக்கத்தக்கது. திக்லிபூரில் பள்ளி முடித்தவர் ஆஸ்டின் நீரிணைப் பாலத்தைக் கடந்து மாயாபந்தருக்குப் போகிறார். அவருடைய தாள்களோ டெல்லியை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்கின்றன.

தொலைவிலுள்ள ஓர் அமைப்பின் முத்திரை, அது ஒருநாளும் பாடம் நடத்தாத ஊரில் செல்லுபடியாவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள 1857-க்குத் திரும்ப வேண்டும். அவ்வாண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆக்ஸ்ஃபோர்டையோ கேம்பிரிட்ஜையோ பின்பற்றியவை அல்ல. 1836-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றியவை. அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் கற்பிக்கும் நிறுவனமாக இல்லாமல், வெவ்வேறு கல்லூரிகளில் பயின்றோருக்குத் தேர்வு வைத்துப் பட்டமளிக்கும் நிறுவனமாக இருந்தது. கற்பித்தல் ஓரிடத்தில், மதிப்பிடுதல் வேறிடத்தில் என்ற இந்தப் பிரிவினைதான் இணைப்புக் கல்லூரி என்னும் இந்திய வழக்கத்தின் வேர். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் அரை நூற்றாண்டில் வகுப்பறையைவிட வினாத்தாளால் அறியப்பட்டது என்றால் அது மிகையாகாது.

அந்த ஏற்பாட்டின் முதல் பயனாளிகளே கடல்கடந்து வந்தவர்கள் என்பதைத் தமிழ்க் கல்வி வரலாற்றில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் தொடங்கிய செமினரி, கணிதம், வானியல், தருக்கம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் கல்லூரித் தரத்துக்குக் குறையாத கல்வியைத் தந்தது. ஆயினும் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. அக்கல்விச்சாலை 1855-இல் மூடப்பட்டது. அதில் பயின்ற இருவர், சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும், வயதில் மூத்தவரும் 1855-இலேயே வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டவருமான கறல் விசுவநாத பிள்ளையும், புதிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை எழுதி அதன் முதல் கலை இளைஞர் பட்டதாரிகள் ஆயினர். வட்டுக்கோட்டையில் அவர்கள் பெற்ற அறிவு முன்பே அவர்களிடம் இருந்தது. சென்னை அளித்தது அறிவன்று, அந்த அறிவு எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கான பொதுச் சான்று. பின்னாளில் தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாகப் பணிபுரிந்ததும், வீரசோழியம், கலித்தொகை போன்ற நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததும் பலரும் அறிந்த செய்தி. அயல்நாட்டு மாணவர் என்ற சொல் தமிழில் புழங்குவதற்கு முன்பே அவர் அந்த வகையினராக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இதற்கு முந்திய தமிழ்ச் சமூகத்தில் படிநிலை இல்லாமலில்லை. திண்ணைப் பள்ளியில் ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது ஓதும் சுவடியின் பெயர் சொல்லிற்று: அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்ற வரிசையை ஊரார் அறிந்திருந்தனர், அறியாத ஊருக்கு அப்பிள்ளை போகப்போவதும் இல்லை. பிற்காலத்தில் 1901-இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளில் தேர்வு நடத்தியது. யாழ்ப்பாணத்தவரும் அத்தேர்வுகளை எழுதினர். ஆனால் அரசு வேலைக்கும் சட்டப் படிப்புக்கும் வழிவிட்டது பல்கலைக்கழக ஏணியே. மெட்ரிகுலேஷன் எனப்பட்ட நுழைவுத் தேர்வு, அதற்கு ஈராண்டு கழித்து எஃப்.ஏ. எனப்பட்ட முதற்கலைத் தேர்வு, மேலும் ஈராண்டு கழித்து பி.ஏ. என அந்த ஏணியின் படிகள் சில. படிகளுக்கு இடையிலான உயரமோ பெரிது. பி.ஏ. தேர்வு எழுதித் தவறியவர்கூட 'பி.ஏ. ஃபெயில்' என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட வழக்கம் நகைப்புக்குரியதாகவே நினைவுகூரப்படுகிறது; உண்மையில் அது, எஃப்.ஏ. தேறிப் பி.ஏ. வரை போனவர் என்ற இடைநிலையைக் குறிக்க அன்றைய ஏணியில் சொல்லே இல்லாததால் மக்கள் தாமாகவே செதுக்கிக்கொண்ட அரைப்படி.

அந்த ஏணியின் கடுமைக்கு எல்லோரும் அறிந்த சான்று சீனிவாச ராமானுஜன். மெட்ரிகுலேஷனில் சிறப்பாகத் தேறி 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அங்கும், பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. படியைக் கடக்க இயலவில்லை. பட்டமில்லாத அவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்ததும், 1914-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி வழக்கமான நுழைவுத் தகுதியை வலியுறுத்தாமல் ஏற்றதும், 1916-இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் வழங்கியதும் விதிவிலக்குகள். அன்று கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. என்ற பட்டமே நடைமுறைக்கு வரவில்லை. சில ஆண்டுகள் பின்னர் அப்பட்டம் பெற்றுத் தந்திருக்கக்கூடிய ஆய்வுக்கு அவர் பெற்றது பி.ஏ. ஆகவே ராமானுஜனின் பி.ஏ.-வை எஃப்.ஏ. தவறியவரின் அடுத்த படியாகப் படிப்பது பெரும் பிழை. பட்டத்தின் பெயர் நிலையைச் சொல்லாது என்பதற்கு இன்னொரு சான்றும் அன்றே கண்முன் இருந்தது: சென்னையில் எம்.ஏ. என்பது பி.ஏ.-வுக்குப் பின் தேர்வெழுதிப் பெறவேண்டியது. கேம்பிரிட்ஜில் அது பி.ஏ. பெற்றவர் சில ஆண்டுகள் காத்திருந்தால் தேர்வின்றிக் கிடைப்பது. ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களிலோ அதுவே கலைத்துறையின் முதற்பட்டம்.

இலங்கைத் தமிழரின் பாதை இதற்கிடையே சென்னையை விட்டு விலகியது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வுகள் அத்தீவில் நடந்தன. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு ஆயத்தம் செய்தது. 1942-இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மலாயாத் தமிழர்களும் சீனியர் கேம்பிரிட்ஜ் எனப்பட்ட பள்ளித் தேர்வின் ஏணியிலேயே ஏறினர்.

தமிழ்நாட்டில் நடந்த மாற்றம் வேறு வகையானது. தகுதிநிலையைப் பற்றி எண்ணுவோர் அதில் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தபின், பள்ளிப் படிப்பு ஆறாம் ஃபாரம் வரை பதினோர் ஆண்டுகளாக இருந்தது. அதன்மேல் ஈராண்டு இன்டர்மீடியட், ஈராண்டு பி.ஏ. 1917-இல் அமைந்த சாட்லர் குழு, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்மையான எல்லைக்கோடு மெட்ரிகுலேஷனில் அன்று, இன்டர்மீடியட்டில்தான் இருக்கிறது என்றும், பட்டப்படிப்பு மூன்றாண்டாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சென்னையில் செயலாக நாற்பதாண்டு ஆயிற்று: 1950-களின் நடுவில் இன்டர்மீடியட் நீக்கப்பட்டு, பி.யு.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தன. பின்னர் 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரிக் குழு பரிந்துரைத்த பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பின்படி 1978-இல் தமிழ்நாடு மேல்நிலைக் கல்விக்கு மாறியது; புகுமுக வகுப்பு மறைந்தது; பிளஸ் டூ பிறந்தது.

மூன்று அமைப்புகளையும் கூட்டினால் விடை ஒன்றே: 11, 2, 2 என்றாலும் 11, 1, 3 என்றாலும் 10, 2, 3 என்றாலும் பட்டம் வரை பதினைந்து ஆண்டுகள். மாறியது மொத்தம் அன்று, வெட்டுப்பட்ட இடம். ஆனால் சான்றிதழ்களின் பெயர்கள் மாறாமலே நின்றுவிட்டன. 1955-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் பதினோர் ஆண்டு பயின்றவர்; 1985-இல் அதே பெயருள்ள சான்றிதழைப் பெற்றவர் பத்தாண்டு பயின்றவர். பழைய பி.ஏ.-வில் பட்டப்படிப்பின் பகுதி ஈராண்டு, புதியதில் மூன்று. இம்மாற்றங்களை அறியாமல் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் படிப்பவர், பாட்டனின் படிப்பையோ பேரனின் படிப்பையோ தவறாக மதிப்பிடுவார். ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால் அயல்நாட்டு அலுவலரிடம் எதை எதிர்பார்ப்பது?

அந்தப் பதினைந்து என்னும் எண்தான் இந்திய மாணவரை வெளிநாட்டில் நீண்டகாலம் துரத்தியது. அமெரிக்காவில் பள்ளி பன்னிரண்டு, பட்டம் நான்கு, ஆகப் பதினாறு. இங்கிலாந்தில் பட்டம் மூன்றாண்டே ஆயினும் அதற்கு முன் பள்ளி பதின்மூன்று, ஆகப் பதினாறு. இந்தியக் கலை, அறிவியல் பட்டதாரி ஓராண்டு குறைந்தவராகவே நின்றார். பொறியியல் பட்டம் நான்காண்டானதால் அத்துறையினருக்கு அத்தொல்லை இல்லை. கலைப் பட்டதாரிகள் பலர் இங்கே எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே போய் மீண்டும் முதுநிலை பயின்றதற்கு இது முக்கியக் காரணம். எதிர்த்திசையிலும் தடை இருந்தது: இங்கிலாந்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டம் இந்தியாவின் ஈராண்டு முதுநிலைக்கு ஈடாகுமா என்ற வழக்கு, 2022 ஜூலையில் இரு நாடுகளும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிறகே பெரும்பாலும் தீர்ந்தது. இந்தியாவுக்குள் இத்தகைய கேள்விகளைக் கையாள 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம் அமைந்தது. 1973-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறிய அவ்வமைப்பே அயல்நாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மைச் சான்று வழங்கிவந்தது. 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது.

ஆண்டுகளை எண்ணும் முறையின் குறைகளே எண்ணிட்ட நிலைகளைப் பிறப்பித்தன. 1980-களின் நடுவில் இங்கிலாந்து தொழிற்கல்விச் சான்றிதழ்களுக்கு நிலைகளை வகுத்தது. நியூசிலாந்து 1990-இல் தகுதிகளுக்கென ஓர் ஆணையத்தை நிறுவியது. ஆஸ்திரேலியாவின் சட்டகம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1995-இல் தென்னாப்பிரிக்கா இயற்றிய சட்டத்துக்கு வேறொரு நோக்கமும் இருந்தது: இனஒதுக்கல் ஆட்சி வெள்ளையர், கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் எனத் தனித்தனியாக நடத்திய கல்வித் துறைகளின் சான்றிதழ்களை ஒரே ஏணியில் ஏற்றுவது. அந்நாட்டின் நேட்டால் பகுதித் தமிழரின் பள்ளிச் சான்றிதழ்களும் அதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் எட்டு நிலைகளைக் கொண்ட பொதுச் சட்டகம் ஒன்றை ஏற்றது. அது தனித்த ஏணியன்று, பிற நாடுகளின் ஏணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் அளவுகோல். இலங்கை 2012-இல் தன் நிலைகளை வகுத்து, க.பொ.த. எனப்படும் கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தின் சாதாரண தரத்தை முதலாம் நிலையிலும் உயர்தரத்தை இரண்டாம் நிலையிலும் வைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏதேனும் ஒரு சட்டகத்தை வைத்துள்ளன.

இந்தியா 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தை அறிவித்தபோது அதில் பத்து நிலைகள் இருந்தன. அதன்படி பி.வோக். எனப்படும் மூன்றாண்டுத் தொழிற்கல்விப் பட்டம் ஏழாம் நிலையில் வைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2023-இல் தேசிய கிரெடிட் சட்டகமும் உயர்கல்வித் தகுதிச் சட்டகமும் வெளிவந்தபோது நிலைகள் எட்டாகச் சுருங்கின. இடையே அரைநிலைகள் நுழைந்தன. பத்தாம் வகுப்பு 3, பன்னிரண்டாம் வகுப்பு 4, பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5, இரண்டாமாண்டு 5, மூன்றாண்டுப் பட்டம் 5.5, நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் 6, கலை, அறிவியல் முதுநிலை 6.5, தொழில்நுட்ப முதுநிலை 7, முனைவர் பட்டம் 8 என அவ்வேணி அமைந்தது. இங்கே கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் கற்றல் நேரத்தை அளக்கும் அலகு. ஓராண்டுக் கல்வி நாற்பது கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. அரைநிலைகள் நகைப்புக்குரியவை என்று சிலர் கருதுவதுண்டு. கால், அரை, முக்கால் என்று தொடங்கி முந்திரி வரை பின்னத்துக்குத் தனிப்பெயர் வைத்து, அதைப் பிள்ளைகளுக்கு எண்சுவடியில் மனப்பாடம் செய்வித்த மொழியினருக்கு ஐந்தரை என்னும் நிலை விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை. படிப்பை இடையில் நிறுத்தியவருக்கும் ஒரு படி உண்டு என்று அது ஏற்பதால், பழைய 'பி.ஏ. ஃபெயில்' பலகையைவிட அது நேர்மையானது. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2015-இல் ஏழாம் நிலை என்று சொல்லி வழங்கப்பட்ட மூன்றாண்டுப் பட்டமும் 2024-இல் ஐந்தரை என்று சொல்லப்படும் மூன்றாண்டுப் பட்டமும் ஒரே நாட்டில், ஒரே கால அளவில் பெற்றவை. இடையில் பட்டதாரிகளின் தரம் தாழ்ந்துவிடவில்லை, ஏணிதான் மாற்றிக் கட்டப்பட்டது.

கடல் கடந்தால் இக்குழப்பம் பெருகும். மாயாபந்தரில் பெற்ற மூன்றாண்டு இளநிலைப் பட்டம் இந்திய ஏணியில் 5.5. அத்தகைய இளநிலைப் பட்டத்துக்கு இலங்கை வைத்திருக்கும் நிலை 5. இங்கிலாந்து தன் இளநிலைப் பட்டத்தை வைத்திருப்பது 6-இல். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 7-இல். ஸ்காட்லாந்து தன் மூன்றாண்டுச் சாதாரணப் பட்டத்தை 9-இலும் நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தை 10-இலும் வைத்திருக்கிறது. மேலே போனால் இடைவெளி இன்னும் விரியும்: எம்.ஏ. பட்டம் இந்தியாவில் 6.5, இங்கிலாந்தில் 7, ஆஸ்திரேலியாவில் 9. சிட்னியில் ஒன்பதாம் நிலை என்று கேட்பவர் கொழும்பின் ஒன்பதை நினைத்தால் தற்செயலாகச் சரியாக இருக்கும், அங்கும் பாடநெறி முதுநிலை 9 என்பதால்; கிளாஸ்கோவின் ஒன்பதை நினைத்தால் ஒரு பட்டமே தவறிப்போகும். எண்ணை மட்டும் பார்த்து 'இந்தியப் பட்டம் குறைந்த நிலையது' என்று முடிவுகட்டுவது, ஒரு வீட்டு மாடிப்படிகள் பதினெட்டு, அடுத்த வீட்டில் இருபத்திரண்டு, ஆகவே அடுத்த வீடு உயரமானது என்பதைப் போன்றது. படியின் உயரத்தை யாரும் அளக்கவில்லை. சட்டகத்தின் பெயரும் ஆண்டும் சேராத எண், தகுதியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நிலை என்பது மதிப்பைப் பற்றிய கேள்வி. தாள் மெய்யானதா என்பது அதற்கு முந்திய கேள்வி, இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புவோர் மிகுதி. 1961-இன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், ஒன்று மற்றொன்றின் அரசு ஆவணங்களை 'அப்போஸ்டில்' எனப்படும் ஒற்றைச் சான்றொட்டின் பேரில் ஏற்கின்றன. இந்தியாவுக்கு அது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, வெளியுறவு அமைச்சகம் அதை வழங்குகிறது. ஐக்கிய அரபு அமீரகம் போல அதில் சேராத நாட்டுக்குப் போவோர் தூதரகச் சான்றொப்பமும் பெற வேண்டும். இவை கையொப்பமும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே உறுதிசெய்கின்றன. பட்டம் எந்த நிலைக்கு ஈடானது என்பதைச் சொல்வது அந்தந்த நாட்டின் மதிப்பீட்டு அமைப்பு, இறுதியில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம். அவர்கள் கேட்பது பட்டச் சான்றிதழ் ஒன்றையன்று. எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட், என்ன மதிப்பெண் என்று பருவவாரியாகக் காட்டும் 'டிரான்ஸ்கிரிப்ட்' என்னும் விரிவான பதிவையும் கேட்கின்றனர்; பல நேரங்களில் அது பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேராக வரவேண்டும் என்கின்றனர்.

இந்த இடத்தில் திக்லிபூரின் தொலைவு மீண்டும் குறுக்கிடுகிறது. சென்னையிலோ கொழும்பிலோ பட்டம் பெற்றவர் ஒரு பேருந்துப் பயணத்தில் முடித்துக்கொள்ளும் வேலைக்கு, வட அந்தமான் மாணவர் அந்தமான் டிரங்க் சாலை வழியே ஜாரவாக் காப்புக் காட்டைக் கடந்து தலைநகருக்கும், அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ நிலப்பகுதிக்கும் போக வேண்டியிருக்கும்; அஞ்சலையும் இணையத்தையும் நம்பினாலும் காத்திருப்பு நீளும். ஆகவே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழிலேயே நிலையின் எண்ணோடு சட்டகத்தின் பெயரையும் ஆண்டையும் மொத்தக் கிரெடிட்டையும் அச்சிடுவது தீவு மாணவர்களுக்குப் பிறரைக் காட்டிலும் கூடுதல் தேவை. தீவு நிர்வாகம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, மாயாபந்தரில் இறுதிப் பருவம் பயிலும் மாணவர் தேர்வு முடிந்து ஊர் திரும்புமுன் பாடத்திட்டத்தின் முழுப் படி ஒன்றைக் கல்லூரியிலேயே கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்வதும், டிரான்ஸ்கிரிப்டுக்கான விண்ணப்பத்தை வெளிநாட்டு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே காலாப்பட்டுக்கு அனுப்பிவிடுவதும் நல்லது.